கடை திறந்தது, கண் திறந்ததா?

தோழனே!

சென்ற கிழமை ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். துண்டு போர்த்தினர், கைதட்டினர், சோடா தந்தனர். எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன. விளக்கை அணைக்கும் வேளையில் ஓர் இளைஞன் என் அருகே வந்து நின்றான். நம் கழகத்துப் பிள்ளை. சுவரொட்டி ஒட்டிய பசை விரலிடுக்கில் காய்ந்து கிடந்தது. "அண்ணே, ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றான். கேள் என்றேன்.

"2021-ஆம் ஆண்டு மே மாதம். திங்கட்கிழமை முதல் தளர்வில்லா ஊரடங்கு. அதற்கு முன்னால் சனியும் ஞாயிறும் எல்லாக் கடைகளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் அக்காளுக்குத் திருமணம் வைத்திருந்தோம். ஞாயிறன்று வீட்டிலிருந்து ஆறு பேர் பேருந்தேறி நகரத்துத் துணிக்கடைக்குப் போனோம். நிற்க இடமில்லை, நெருக்கியடித்துப் பட்டு எடுத்துக்கொண்டு வந்தோம். பத்து நாளில் மூவருக்குக் காய்ச்சல். பாட்டி போய்விட்டாள். கடையில் ஒட்டியதா, பேருந்தில் ஒட்டியதா, பக்கத்து வீட்டிலிருந்து வந்ததா, யாருக்குத் தெரியும்? ஆனால் அம்மா இன்னும் அந்தப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. கடை திறந்திருந்தது, போனோம். திறந்துவிட்டது நம்முடைய ஆட்சி. போனது குற்றமா அண்ணே?"

மேடையில் ஒன்றரை மணி நேரம் முழங்கியவனுக்கு ஒன்றரை வரி பதில் கிடைக்கவில்லை, தோழனே! எதிரிகள் ஏவும் கேள்விக்கு விடை எப்போதும் நாவின் நுனியில் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி நெஞ்சிலே தைத்துக்கொண்டது. "எழுதுகிறேன், தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். இதோ எழுதுகிறேன். அவனுக்கு எழுதுவது உனக்கும். ஏனெனில் கொள்ளைநோய் ஒருமுறை வந்து விடைபெற்றுக்கொண்டு போய்விடும் விருந்தாளி அன்று. அடுத்தது வரும்போது இதே கேள்வி மறுபடி எழும். அன்று ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டு நிற்கலாகாது.

நோயின் நடையை முதலில் எண்ணிப்பார். அம்மை வந்தால் உடம்பிலே முத்து எழும். ஊரார் விலகி நிற்பர். இந்தக் கொரோனா அப்படி முரசறைந்து வருவதில்லை. காய்ச்சல் காணுமுன்பே, இருமல் எழுமுன்பே, உடம்புக்கு உரியவனுக்கே தெரியுமுன்பே பிறருக்குப் பரவும் ஆற்றல் அதற்குண்டு. உள்ளே நுழைந்தது வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம். மூச்சிலே வருகிறது, பேச்சிலே வருகிறது. காற்றோட்டமற்ற அறையானால் ஆள் போன பின்னும் அங்கேயே மிதந்து கிடக்கிறது. ஆகவேதான் "எனக்கு ஒன்றுமில்லை, நான் திடமாக இருக்கிறேன், கடைக்குப் போனால் என்ன?" என்று கேட்பவன் தனக்கே தெரியாத ஒன்றுக்குச் சான்று கூறுகிறான்.

இப்போது அந்தத் துணிக்கடையை எண்ணு. குளிரூட்டிய மாளிகை. குளிர் வெளியேறிவிடக் கூடாதென்று கண்ணாடிக் கதவு. ஐந்து அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு விளக்கின் வெள்ளம். வாங்க வருபவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவர். விற்கும் பெண் எங்கே போவாள்? தென்மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, தம்பியின் படிப்புக்காகவும் தன் தாலிக்காகவும் தலைநகருக்கு வந்து, ஒரே அறையில் பலரோடு பாய் விரித்துப் படுப்பவள் அவள். காலை முதல் இரவு வரை நின்ற காலோடு நிற்பவள். அவள் உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்பதற்கே 2021-இல் நம் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், எஞ்சியதை நீயே ஊகித்துக்கொள்! நீ ஒருநாள், ஒருமணி நேரம் துணிந்து போகிறாய். அவளோ நாள் முழுதும், உன்னைப் போலத் துணிந்தவர் அத்தனை பேரின் மூச்சுக்கும் முகம் கொடுக்கிறாள். "எனக்குத் துணிவிருக்கிறது, போகிறேன்" என்று மார்தட்டுகிறாயே, அந்தத் துணிவின் விலையை யார் கணக்கிலே எழுதுகிறாய்?

"என் உயிர், என் விருப்பம். ஊரடங்கு என்று சொல்லி என்னை வீட்டுக்குள் அடைக்க நீ யார்? சுயமரியாதை பேசுகிறவர்கள் சுதந்திரத்தைப் பறிக்கலாமா?" என்று கேட்கும் கூட்டமும் ஒன்றுண்டு. கேட்கட்டும். சுதந்திரத்தின் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1897-இல் பிளேக் நோய்க்காக வெள்ளையன் ஒரு சட்டம் செய்தான். புனே நகரில் படையாட்களைக் கொண்டு வீடுகளுக்குள் புகுந்து தேடினான். அதே சட்டத்தைத்தான் 2020-இலும் தூசி தட்டி எடுத்தார்கள். நோயை விரட்ட லத்தி எடுத்தார்கள். சோற்றுக்கு வழி தேடி வந்தவனை நடுச்சாலையில் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். அதை நாம் அன்றும் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம். ஆனால் ஒன்று சொல்கிறேன்: என் நூல், என் மேடை, என் வாக்கு, என் கொள்கை, இவை என்னுடையவை. என் மூச்சு, கொள்ளைநோய்க் காலத்தில், என்னோடு நிற்பதில்லை. அது என் அனுமதி கேளாமல் அடுத்தவன் நெஞ்சுக்குள் குடிபுகுகிறது. அங்கே என் விருப்பத்துக்கு மட்டும் உரிமை உண்டு, அவன் விருப்பத்துக்கு இல்லையா?

இன்னொன்றும், இடையிலே சொல்லிவிடுகிறேன். "சமூக இடைவெளி" என்று ஒரு சொல்லை நாடெங்கும் ஒலிபரப்பினார்களே, அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. சமூக இடைவெளி இந்த நாட்டில் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. அதை ஒழிக்கத்தான் நாம் இருக்கிறோம். நமக்கு அன்று வேண்டியிருந்தது உடலுக்கு உடல் இடைவெளி. நிற்க.

1918-இல் உலகை உலுக்கிய காய்ச்சலைப் பற்றிப் படித்துப்பார். அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா என்றொரு நகரம். போர்க்கடன் பத்திரம் விற்க அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பெரும் ஊர்வலம் நடத்தினார்கள். நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டி இரண்டு இலட்சம் பேரைத் தெருவிலே திரட்டினார்கள். சில நாட்களுக்குள் மருத்துவமனைகளில் இடமில்லை, சவப்பெட்டிக்குத் தட்டுப்பாடு. செயின்ட் லூயிஸ் என்னும் மற்றொரு நகரமோ அக்டோபர்த் தொடக்கத்திலேயே பள்ளி, கொட்டகை, கேளிக்கைக் கூடம் யாவற்றையும் மூடியது. அங்கே சாவு விகிதம் மிகக் குறைவு. அதே காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இங்கு நுழைந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைத் தின்றது. கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பது நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்த பாடம். நம்முடைய துரைத்தனத்தார்க்குத்தான் பாடப் புத்தகம் என்றால் கசப்பாயிற்றே!

2020 மார்ச்சு 24. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசுகிறார். நள்ளிரவு 12 மணிக்கு நாடு பூட்டப்படுகிறது. நான்கு மணி நேரம்! அரிசி வாங்க, மருந்து வாங்க, ஊர் போய்ச் சேர, 130 கோடி மக்களுக்கு நான்கு மணி நேர அவகாசம். அது மேலே. இங்கே என்ன நடந்தது? ஏப்ரல் 24-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் அறிவித்தார்: சென்னை, கோவை, மதுரை நகரங்களில் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு. இடையிலே கிடைத்தது சனிக்கிழமை ஒன்று. ஏப்ரல் 25. ஊர் திரண்டது கடைக்கு! கோயம்பேட்டிலே கால் வைக்க இடமில்லை. கடை மூடும் நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு வாரத்துத் தேவையை ஒரு பகலுக்குள் அடைத்துவிட்டு, "மக்கள் கட்டுப்பாடின்றி நடந்துகொண்டனர்" என்று மக்கள் மீதே பழி போட்டார்கள்.

அங்காடி என்பதன் அருமை தெரியாதவர்களல்லர் நாம். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று மதுரைத் தெருவைப் பகுத்து வைத்திருந்த பழந்தமிழன் மரபு நம் மரபு. கூட்டத்தைப் பொழுதால் பகுத்தான், இடத்தால் பகுத்தான். கோயம்பேட்டை ஆண்டவர்களுக்கு அந்த எண்ணம் எப்போது பிறந்தது? நோய் ஏறிய பின்பு! மே 5-ஆம் நாள் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் சுமை தூக்கிய தொழிலாளி கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் தன் ஊர் நோக்கிப் போய்விட்டான். தலையில் மூட்டை, மார்பில் நோய். அவன் கொண்டுபோனான் என்று ஊரார் அவனை ஏசினர். அவனிடம் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயம்பேடு காய்கறிச் சந்தை. சோற்றுக்கு வேண்டிய கடை. பட்டியலில் முதலிடம் பெற்ற கடை. தவிர்க்க முடியாத இடத்திலேயே இவ்வளவு கேடு என்றால், தவிர்க்கக் கூடிய இடத்துக்கு வலியப் போவதை எந்தச் சொல்லால் குறிப்பது? காய்கறிக்காகச் சந்தைக்குப் போனவனுக்குக் காரணம் இருந்தது. அவனுக்கு ஏற்பட்ட ஆபத்தை நாம் எல்லாரும் சேர்ந்து குறைத்திருக்கலாம்; எப்படி? காரணமின்றி வெளியே போகாமல் இருந்து.

அடுத்து வருகிறது அந்தப் பெருங்கூத்து. நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு காட்சியை எழுதிக் கொடுத்தால் "மிகையாக இருக்கிறது, வெட்டிவிடு" என்று நடிகர்களே சொல்லியிருப்பர்.

2020 மே 7. பள்ளி பூட்டு. நூலகம் பூட்டு. கோயில், மசூதி, மாதா கோயில் அனைத்துக்கும் பூட்டு. முடி திருத்தும் கடைக்குப் பூட்டு. கத்தரிக்கோல் பிடித்தவன் வீட்டிலே அடுப்பு எரியவில்லை. சலவைக்காரர், தையற்காரர், நெசவாளி, எல்லார் வாசலிலும் பூட்டு. சென்னை நீங்கலாக மாநிலமெங்கும் திறந்தது எது? மதுக்கடை! யாருடைய கடை? துரைத்தனத்தாரின் சொந்தக் கடை! வாடிக்கையாளர் மீது எவ்வளவு பரிவு பார்: 50 வயதைக் கடந்தவர்க்கு முற்பகல் 10 முதல் 1 மணி வரை, 40 முதல் 50 வரை உள்ளவர்க்கு 1 முதல் 3 வரை, அதற்கும் இளையவர்க்கு 3 முதல் 5 வரை. முதியோர் ஓய்வூதியம் வாங்க வங்கி வாசலில் வெயிலில் காய்ந்தபோது வராத முதுமை மீதான கருணை, மதுப்புட்டி வாங்கும்போது வந்துவிட்டது! தடுப்புக் கட்டை, வட்டம், காவலர் பந்தோபஸ்து. குடை பிடித்து வா என்று சொன்ன ஊரும் உண்டு. விலையையும் மறவாமல் ஏற்றினார்கள். குவார்ட்டருக்கு 10 ரூபாய், 20 ரூபாய். அந்த ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்பனை என்று ஏடுகள் எழுதின.

ஏன் திறந்தீர்கள் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள்? "ஆந்திரத்தில் திறந்துவிட்டார்கள், கர்நாடகத்தில் திறந்துவிட்டார்கள், நம் மக்கள் எல்லை தாண்டிப் போகிறார்களே!" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றில் குதித்தால், நம் வீட்டுப் பிள்ளை அங்கே போய்க் குதிக்க நேருமே என்று நம் தோட்டத்திலேயே ஒரு கிணறு வெட்டிக் கொடுக்கும் தந்தையை நீ கண்டதுண்டா? உள்ளபடி காரணம் என்ன? 2019-20-இல் மதுவால் வந்த வருவாய் 33 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இன்றியமையாப் பொருள்களின் பட்டியலில் மது ஏறியது குடிப்பவனுக்காக அன்று; கருவூலத்துக்காக! 8-ஆம் நாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை, விதிகள் காற்றில் பறந்தன என்பதைக் கண்டு சொன்னது. மறுபேச்சின்றி மூடினார்களா? டெல்லிக்கு ஓடினார்கள், உச்சநீதிமன்றத்தில் 15-ஆம் நாள் தடை வாங்கினார்கள், 16-ஆம் நாள் மறுபடியும் திறந்தார்கள். மதுக்கடைக்காகக் காட்டிய அந்த வேகத்தில் பாதியை நடந்தே ஊர் போன கூலித் தொழிலாளிக்காகக் காட்டியிருந்தால், அவர்களை நானே மேடையேறிப் பாராட்டியிருப்பேன்.

மே 7 அன்று நாம் என்ன செய்தோம்? கூட்டம் கூட்டினோமா? இல்லை. கறுப்பணிந்து அவரவர் வீட்டு வாசலில் நின்றோம். நான் கலந்துகொண்ட போராட்டங்களிலேயே ஓசை குறைந்தது அதுதான். பெருமை குறைந்தது அன்று. அந்த நாட்களில் நம் தோழர்கள் வெளியே போகாமலும் இல்லை. அரிசி மூட்டையும் மருந்துப் பையும் சுமந்து தெருத் தெருவாகப் போனார்கள். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் அப்படி ஓயாமல் உழைத்தவர். 2020 ஜூன் 10-இல், தம் பிறந்த நாளன்றே, இந்த நோய்க்குப் பலியானார். வெளியே போவதில் இருவகை உண்டு, தோழனே! பசித்தவன் வாசலுக்குப் போவது ஒன்று. பளபளப்பின் வாசலுக்குப் போவது மற்றொன்று. இரண்டையும் "வெளியே போனது" என்ற ஒரே சொல்லில் அடைக்க என் பேனா மறுக்கிறது.

ஆனால் இவ்வளவையும் எழுதிவிட்டு அந்த இளைஞனின் கேள்விக்கு வராமல் நழுவினால், நான் எழுத்தாளன் இல்லை, எடுபிடி.

2021 மே 7-இல் நம் ஆட்சி அமைந்தது. 10-ஆம் நாள் முதல் ஊரடங்கு. 21-ஆம் நாள் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு நோய் என்ற உச்சம். 24 முதல் தளர்வே இல்லை என்ற முடிவு சரியான முடிவு. காய்கறியைக் கடையில் வைக்காமல் வண்டியில் ஏற்றித் தெருவுக்கு அனுப்பிய ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அரிசி அட்டைக்கு 4000 ரூபாயை இரு தவணையாகத் தந்தது அதனினும் நன்று. ஆனால் 22, 23 ஆகிய இரு நாட்களும் எல்லாக் கடைகளையும் இரவு வரை திறந்துவிட்டு, பேருந்தையும் ஓடவிட்டது? 2020 ஏப்ரல் 25-இன் அதே தவறு! அன்று அவர்கள் செய்தபோது நாம் சிரித்தோம். ஓராண்டு சென்று நாமே செய்தோம். மருந்துக்கடையும் மளிகைக்கடையும் திறக்கட்டும், ஊருக்குப் போகிறவன் போகட்டும். நகைக்கடையும் துணிமாளிகையும் அந்த இரண்டு நாளில் யாருடைய உயிரைக் காக்கத் திறந்தன? ஜூன் 14-இல் 27 மாவட்டங்களில் மதுக்கடையும் திறந்தது. நோய் அப்போது நாளொன்றுக்கு 12 ஆயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது என்பார்கள். கள்ளச்சாராயத்தைத் தடுக்க என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனாலும் முதல் ஆண்டு கறுப்பணிந்து நின்ற வாசலுக்கு மறு ஆண்டு வெள்ளையடித்துவிட முடியாது. நம் ஏட்டில் நாமே இதை எழுதாவிட்டால், மாற்றான் ஏடு எழுதும்போது மறுக்க நமக்கு நாவிராது.

நானும் தப்பவில்லை. 2021 ஏப்ரல் 6-இல் தேர்தல். அதற்கு முந்திய மாதங்களில் எத்தனை மேடை ஏறினேன்! ஆயிரக்கணக்கில் தோழர்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். முகக்கவசத்தைக் கழுத்திலே தொங்கவிட்டு முழங்கினேன். தூரத்தில் நின்றவர்களை முன்னே வரச் சொன்னவனும் நானே. எல்லாக் கட்சியும் செய்தது என்பது விடையாகாது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஏப்ரல் இறுதியில் தேர்தல் ஆணையத்தைக் கடுஞ்சொல்லால் சாடியதே, அந்தச் சாட்டையின் நுனி என் முதுகிலும் பட்டது என்று உணர்ந்தவன் நான். பேச்சும் ஒரு கடைதான், தோழனே. அன்று அதைத் திறந்து வைத்தேன். கூட்டம் வந்ததும் மகிழ்ந்தேன். கடைக்குப் போன பிள்ளையைப் பார்த்து விரல் நீட்டுமுன் அந்த விரலை ஒருமுறை மடக்கிப் பார்க்க வேண்டியவன் நான்.

இனி, எளிதில் விடை சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன். "வாங்குபவன் வராவிட்டால் விற்பவன் என்ன தின்பான்?"

இதை மாளிகை வணிகர் கேட்டால் எனக்குக் கவலையில்லை. ஓராண்டு மூடினால் ஒரு கிளை குறையும், குடி மூழ்காது. 2021 ஜூலையில் கேரளத்திலே பண்டிகை வணிகம் என்று துணி, நகை, காலணிக் கடைகளுக்கு 18 முதல் 20 வரை தளர்வு கொடுத்தார்கள். நூறு பேரைச் சோதித்தால் பத்துக்கு மேல் நோய் என்ற நிலையிலே கொடுத்தார்கள். வணிகரின் நெருக்குதலுக்குப் பணிந்ததாக உச்சநீதிமன்றமே கண்டித்தது. முற்போக்கு பேசும் ஆட்சிக்கே அந்த நெருக்குதல் தாங்கவில்லை என்றால் அதன் கனத்தைப் பார்.

ஆனால் தெருமுனைக் கடைக்காரன்? பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவன், குடை தைப்பவன், வளையல் விற்பவள், கைப்பேசி பழுது பார்ப்பவன்? இவன் கடை "இன்றியமையாதது" அன்று என்று கோட்டையிலே ஒரு கோப்பில் எழுதினார்கள். எழுதியவருக்குச் சம்பளம் முதல் தேதி வந்தது. இவனுக்கு? 2020-இல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய். வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, வாய் எத்தனை? அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நீந்துவான்? பத்து நிமிடம் கூடுதலாகக் கதவைத் திறந்து வைக்க மாட்டானா?

அப்படித் திறந்து வைத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கடை சாத்தான்குளத்தில் இருந்தது. கைப்பேசிக் கடை. 2020 ஜூன் 19-ஆம் நாள் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கே நாட்களுக்குள் இருவரும் பிணமானார்கள். வழக்கு கொலை வழக்காயிற்று, மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. அதைப் பற்றி உரத்த சொல் ஒன்றும் எழுத மாட்டேன். எழுதினால் அந்தக் குடும்பத்தின் துயரத்தை என் நடைக்கு அணியாக்கியது போலாகும். ஒரு கணக்கை மட்டும் பக்கத்தில் பக்கமாக வைக்கிறேன். அரசின் மதுக்கடை விதியை மீறிக் கூட்டம் சேர்த்தபோது, அதற்காக டெல்லி வரை வழக்கறிஞர் போனார். சிறு வணிகன் நேரத்தை மீறினான் என்றபோது, லத்தி போயிற்று.

ஆகவே, "கடைக்குப் போகாதே" என்று உனக்குச் சொல்லும் உரிமை எனக்கு எப்போது வருகிறது தெரியுமா? "மூடிய கடைக்கு ஈடு கொடு" என்று ஆள்பவரை நோக்கி அதே மூச்சில் சொல்லும்போதுதான் வருகிறது. கடையை மூடச் சொல்வது ஊரைக் காக்க. ஊரைக் காக்க ஒருவன் தன் பிழைப்பை நிறுத்தினால், அந்த நட்டத்தை ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லையில் நிற்கும் படைவீரனுக்குக் கூலி கொடுக்கிறோமே, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருக்கும் வளையற்காரி மட்டும் ஏன் இலவசமாகக் காவல் நிற்க வேண்டும்? வாடகையைத் தள்ளு, வட்டியை நிறுத்து, பத்து நாளைக்கு ஒருமுறை அடுப்பெரியப் பணம் கொடு. கருவூலத்தில் இல்லை என்பாய். நெருக்கடிக் காலத்தில் மாநிலத்தின் சரக்கு வரிப் பங்கையே நிலுவை வைத்த டெல்லியின் கதவைத் தட்டு. நாங்களும் உடன் வருகிறோம்.

பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். எது இன்றியமையாதது என்று யார் முடிவு செய்வது? கண்ணாடி உடைந்த கிழவனுக்குக் கண்ணாடிக்கடை இன்றியமையாதது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் நுழைந்துவிட்ட அந்த ஆண்டில், பழுதான கைப்பேசியோடு நின்ற ஏழை மாணவிக்குச் சாத்தான்குளம் போன்ற ஊர்களின் அந்தச் சிறு கடைதான் பள்ளிக்கூட வாசல். அவள் போகலாமா? போகலாம், ஒருத்தியாக, மூக்கை மூடி, வேலையை முடித்து, வந்துவிடலாம். பொருளின் பெயரை வைத்துப் பட்டியல் போடுகிறவன் எழுத்தன். காத்திருக்க முடியுமா, முடியாதா என்பதை வைத்து முடிவு செய்கிறவன் அறிவாளி. என் தொழிலையும் எடுத்துக்கொள்: நாடகம். அதை முதலில் மூடினார்கள், கடைசியில் திறந்தார்கள். ஒப்பனைக்காரரும் ஆர்மோனியக்காரரும் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. வலித்தது. ஆனால் "கொட்டகைக்கு வாருங்கள், கலை பிழைக்கட்டும்" என்று அன்று நான் அழைத்திருந்தால், பிழைத்திருப்பது கலையா, கிருமியா? கலை ஓராண்டு காத்திருந்தது. பட்டு காத்திராதா?

பட்டு என்றதும் நினைவு வருகிறது. திருமணத்துக்குப் பட்டு வேண்டும் என்று எந்த அய்யர் ஆணையிட்டார்? இரண்டு மாலை, இரண்டு சொல், வந்தவர்க்கு ஒரு வாய்த் தண்ணீர். இதுவே போதும் என்று 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்டமே செய்து வைத்ததே! மேடைதோறும் அந்தத் திருமணத்தை வாழ்த்துகிறோம், வீட்டில் வந்து நகைக்கடைப் பட்டியலைப் பிரிக்கிறோம். மாற்றான் மட்டுமா இதற்குப் பொறுப்பு?

அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் இந்த நோய் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் ஒருத்தி அந்த இளைஞனின் பாட்டி. இப்போது அவனுக்குச் சொல்கிறேன்.

தம்பி, உன் பாட்டியைக் கொன்றவன் நீ என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கே தெரியாத ஒன்றை உன் தலையில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் "கடை திறந்திருந்தது, போனோம்" என்ற உன் விடையையும் ஏற்க மாட்டேன். திறந்தவர் தவறு திறந்தவரோடு. நம்மவர் ஆனாலும் அது தவறே. ஆறு பேர் போனது உன் வீட்டாரின் தவறு. அடுப்புக்கு வேண்டியதையும் உடம்புக்கு வேண்டியதையும் ஒருவர் போய் வாங்கி வந்திருக்கலாம். மற்றதை நோய் தணிந்தபின் வாங்கியிருக்கலாம். அக்காள் வாயில் புடவையோடு மணமேடை ஏறியிருந்தாலும் அழகாகவே இருந்திருப்பாள். அந்தப் பட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். நெய்தவன் மீது குற்றமில்லை.

உன் ஊரில் ஆடி மாதத்தில் மறுபடி கூட்டம் வைத்திருக்கிறார்கள், என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை விளக்கணைத்த பிறகு என் காதிலே கேட்காதே. ஒலிபெருக்கியின் முன் வந்து கேள். முதற்பேச்சு உன்னுடையதாக இருக்கட்டும் என்று கிளைச் செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். நான் கீழே, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.